ஐந்தே முக்காலும் ஐந்து ஐம்பதும்

என் 1986-ஆம் வருட டைரியில் அக்டோபர் 22-ஆம் தேதிக்கு நான்கு வரிகள் இருக்கின்றன. முதல் மூன்று இவை: "அலுவலகம் விட்டது 5.10. பாசஞ்சர் 5.30, தாமதம் இல்லை. பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் நல்ல மழை." நான்காவது வரியைக் கடைசியில் தருகிறேன்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். வீடு விழுப்புரத்தில். சீசன் டிக்கெட்டில் தினமும் போய்வந்தேன். ரயிலில் ஒரு வார இதழின் புதிர்ப் பக்கத்தைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். மூன்று பேர் ஆளுக்கொன்று சொல்வார்கள்; ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதற்கு ஒத்துவராது; பொய்யர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நேராகப் போனால் பிடிபடாது. ஒருவர் சொல்வது உண்மை என்று வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்து போக வேண்டும். நிச்சயமான ஏதாவது ஒன்றில் அவர் பேச்சு போய் முட்டினால், அவர் பொய்யர். யாரையும் நம்பாமலேயே முடிவுக்கு வந்துவிடலாம் என்பதால் இந்த வழி எனக்குப் பிடித்திருந்தது. அந்த அலுவலகத்தில் நான் யாரையும் நம்பவில்லை.

எங்கள் பிரிவில் மூன்று பேர். நான்; உள்ளூர்க்காரரான டைப்பிஸ்ட் அம்மா; கிளியனூரிலிருந்து பஸ்ஸில் வரும் இன்னொரு எழுத்தர். உதவியாளர் பதவி உயர்வுக்கான பேனலில் என் பெயருக்கு அடுத்தது அவர் பெயர். இடம் ஒன்றுதான். என் பெயர் நீங்கினால் அந்த இடம் அவருக்கு. இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை, ஒருநாளும் மறந்ததுமில்லை. எங்களுக்கு மேலே இருந்த அதிகாரியும் விழுப்புரத்துக்காரர்தான். ஏழு மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போவதாகச் சொல்வார்.

23-ஆம் தேதி காலை ஆவண அறையின் ஜன்னல் திறந்து கிடந்தது. இரவு மழையில் மூன்று கிராமங்களின் நிலப் பதிவேடுகள் நனைந்து ஊறியிருந்தன. அவற்றை மல்லாட்டைக் கடலை காயவைப்பது போல மாடியில் விரித்துப் போட்டார்கள். கடைசியாகக் கிளம்புகிறவர் ஜன்னலைச் சாத்தி, பூட்டி, வாட்ச்மேன் அறை ஆணியில் சாவியை மாட்ட வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. சாவி ஆணியில் இருந்தது. யார் மாட்டியது என்று வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. மூவரும் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார் அதிகாரி. கடைசி ஆள் யாரோ அவருக்குக் குற்றச்சாட்டு மெமோ. மெமோ இருந்தால் பேனலில் பெயர் இருக்காது.

டைப்பிஸ்ட் அம்மா எழுதினார்: "அன்று அவசரக் கடிதம் ஒன்றை அடித்து வைத்துவிட்டு முதலில் கிளம்பியது நான்தான்." கிளியனூர்க்காரர் எழுதினார்: "அம்மா போன பிறகு அந்தக் கடிதத்தில் அதிகாரியின் கையெழுத்தை வாங்கி, தபாலில் சேர்க்க எடுத்துக்கொண்டு கிளம்பினேன், அப்போது அவர் மட்டும் இருக்கையில் இருந்தார்." அவர் என்றது என்னை. நான் எழுதியது: நான் கிளம்பும்போது இருவரும் இருந்தார்கள்.

இரண்டுக்கு ஒன்று. இருவரும் கூடிப் பேசி எழுதியிருக்கிறார்கள் என்று படித்ததுமே தெரிந்தது. நான் இரண்டாவது தாளை எடுத்தேன்.

கிளியனூர்க்காரர் சொல்வது உண்மை என்று வைத்துக்கொள்வோம், என்று ஆரம்பித்தேன். அப்படியானால் கையெழுத்தான கடிதத்தோடு அவர் கிளம்பும்போது நான் இருக்கையில் இருக்கிறேன். கையெழுத்துக்குக் கீழே நேரத்தையும் குறிப்பது அதிகாரியின் வழக்கம். கோப்பிலுள்ள நகலில் 5.50 என்று இருக்கிறது. வருகைப் பதிவேட்டின்படி நான் வெளியேறியது 5.45. ஐந்தே முக்காலுக்குப் போனவன் ஐந்து ஐம்பதுக்கு இருக்கையில் இருக்க முடியாது. ஆகவே அவர் சொல்வது பொய்.

மறுநாள் அதிகாரி மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் என் தாளும் வருகைப் பதிவேடும் இருந்தன.

"என்னய்யா இது, விளக்கம் கேட்டா பரீட்சை எழுதியிருக்க?"

"அதான் சார் தினம் ரயில்ல கட்டம் போட்டுக்கினு வர்றாரே," என்றார் கிளியனூர்க்காரர். "நாம ஜனங்களப் பாத்துக்கினு வருவோம். இவரு பொய்யனத் தேடிக்கினு வருவாரு."

"தேடினது வீண் போகலையே," என்றேன்.

"ஒரே ஒரு கேள்வி சார். அந்த அஞ்சே முக்கால எப்ப எழுதனீங்க?" என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

டைப்பிஸ்ட் அம்மா அதிகாரியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"வெளியூர்லேர்ந்து வர்றவங்க காலையில வந்ததுமே சாயங்காலத்தையும் சேத்து எழுதிட்றாங்க சார். ரயிலு, பஸ்ஸுன்னு கிளம்பிடுவாங்க. பூட்றது, சாத்தறது எல்லாம் உள்ளூர்க்காரி தலையில."

உண்மைதான். காலை பத்து மணிக்கு வருகைக்குக் கையெழுத்துப் போடும்போதே பக்கத்துக் கட்டத்தில் 5.45 என்று போட்டுவிடுவோம். நானும் போட்டேன், கிளியனூர்க்காரரும் போட்டார். தாளை எழுதும்போது அது எனக்கு மறந்துபோகவில்லை. தெரிந்தேதான் அதை நிச்சயமான விஷயமாக வைத்தேன்.

"சொல்லுங்க சார்," என்றார் கிளியனூர்க்காரர் சிரித்துக்கொண்டே. "அஞ்சே முக்காலுக்குத்தான் போனீங்கன்னா, அஞ்சரை பாசஞ்சர் உங்களுக்கோசரம் நின்னுக்கினு இருந்துதா?"

ஐந்து பத்துக்கே போய்விட்டேன் என்பது உண்மை. அதைச் சொன்னால் ஜன்னல் என் தலையில் விழாது; ஆனால் பதிவேட்டில் பொய் எழுதியவன் ஆவேன். சொல்லாவிட்டால் அந்த இருவர் பேச்சுதான் நிற்கும், கடைசி ஆள் நான்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குப் பேனல் பெரிதாகத் தெரியவில்லை.

"ஐந்து பத்துக்குக் கிளம்பினேன்," என்றேன். "பதிவேட்டில் இருப்பது பொய். என்னுடையது மட்டுமல்ல. மற்ற கட்டங்களையும் பாருங்கள்."

அதிகாரி பார்க்கவில்லை. பதிவேட்டை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உன்னைப் பத்தி மட்டும் பேசு," என்றார்.

பத்து நாளில் பொய் நேரம் எழுதியதற்காக மெமோ வந்தது, எனக்கு மட்டும். ஜன்னல் பற்றிய கோப்பை, காற்றின் வேகத்தில் திறந்திருக்கலாம் என்று எழுதி மூடினார்கள். பேனலில் என் பெயர் இல்லை. உதவியாளர் ஆன அன்று கிளியனூர்க்காரர் லட்டுப் பெட்டியை என் மேஜைக்கும் கொண்டுவந்தார்.

"எடுத்துக்குங்க சார். நீங்க போட்ட கணக்குதான்."

நான் எடுக்கவில்லை. அதன் பிறகு அவரிடம் கோப்பு விஷயம் தவிர வேறு பேசியதுமில்லை.

புதிர்ப் பக்கம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தது. இரண்டு விஷயங்கள் முட்டிக்கொண்டால் ஏதோ ஒன்று பொய் என்றுதான் தெரியும். எது பொய் என்று தெரியாது. என் தாளில் பொய் என்று தெரிந்த ஒன்றை நானே வைத்திருந்தேன். இன்னொன்றை, அந்த 5.50-ஐ, நான் சந்தேகிக்கவே இல்லை.

டைரியின் நான்காவது வரி: "பிளாட்பாரக் கோடியில் சாம்பல் நிற சபாரி சூட். முதுகு மட்டும். அதிகாரி போல."

சாம்பல் நிற சபாரி அவரிடம் இருந்தது. திண்டிவனத்தில் இன்னும் எத்தனை பேரிடம் இருந்தது என்று தெரியாது. அந்த வரியை மெமோ வந்த பிறகுதான் மறுபடி படித்தேன். ஐந்தரை ரயிலில் போனவர் ஐந்து ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. அன்று பிளாட்பாரத்தில் நின்றது அவர்தானா என்பது உறுதிசெய்யப்படவில்லை.