ஒற்றை மணிக்கு நின்ற டிரைவர்

நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு டெப்போவில் ‘பிரேக் அக்கா’ என்று பெயர். படிக்கிற வயதில் கல்யாணம் செய்து வைத்துப் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். “எல்லாம் தலையெழுத்தும்மா” என்று மாமியார் பெருமூச்சு விட்டபோது, “தலையை எக்ஸ்ரே எடுத்தாங்களே அத்தே, எழுத்து ஒண்ணும் தெரியலையாம்” என்றவள் அவள்.

நாற்பதைத் தாண்டியபின் ஜூனியர் கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டாண்டுப் படிப்பு. கட்டணம் குறைவு, வயது வரம்பு கிடையாது, பள்ளியை முடிக்காதவர்களும் சேரலாம், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு. தச்சோ செவிலியர் உதவியோ கற்று வேலைக்குப் போகலாம். நன்றாகத் தேறினால் பல்கலைக்கழகத்தில் நேரே மூன்றாம் ஆண்டில் போய் உட்காரலாம். பெரிய கதவைச் சாத்தி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பக்கவாசல் பிடிப்பதில்லை. ‘அரைக் கல்லூரி’ என்று நக்கலடிப்பார்கள். பசித்தவனுக்கு அரை வயிறுகூட நிரப்பாதவர்களின் வாய்க்கொழுப்பு அது.

பிரேக் அக்காவுக்கு இயற்பியல் மீது ஆசை. மூன்றாம் ஆண்டில் இடம் கிடைக்க வேண்டுமானால் கணிதத் தேர்வில் தேறியாக வேண்டும். கோட்டை விட்டால் இடம் போச்சு.

தேர்வில் கடைசிக் கணக்கின் நடுவே இருந்தாள். ‘டங்’ என்று ஒற்றை மணி கேட்டது. பேருந்தில் ஒற்றை மணி நிற்பதற்கு, இரட்டை மணி கிளம்புவதற்கு. இத்தனை வருடப் பழக்கம் சும்மா விடுமா? வலது கால் தரையை அழுத்தியது, பேனா நின்றது. எழுந்துபோய் மேற்பார்வையாளர் கையில் தாளைக் கொடுத்துவிட்டு வாசல்வரை நடந்தவள் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அடித்தது, இன்னும் பத்து நிமிடம்தான் என்று சொல்லும் எச்சரிக்கை மணி!

பாய்ந்து திரும்பினாள். “சார், தாளைக் குடுங்க.”

“குடுத்தது குடுத்ததுதாம்மா. விதி.”

“எந்த விதி? காட்டுங்க பார்ப்போம்.”

அவர் சுவரில் ஒட்டியிருந்த விதிகளை விரல் வைத்துப் படித்தார். அறையைவிட்டு வெளியே போனவர்கள் திரும்பி வரக்கூடாது என்று மட்டும்தான் இருந்தது.

“நான் வாசப்படியே தாண்டலையே சார்.”

“அப்போ எதுக்கும்மா தாளைக் குடுத்தீங்க?”

“ஒத்தை மணி அடிச்சா நிறுத்தணும் சார். நிறுத்தலேன்னா ஜனங்க சும்மா விடுவாங்களா?”

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்: “சார், ரெண்டு தட்டு தட்டுங்க, அக்கா கிளம்பட்டும்!”

அறையே சிரித்தது. மேற்பார்வையாளர் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. மேசையில் இரண்டு தட்டுத் தட்டித் தாளை நீட்டினார். கடைசிக் கணக்கை அவள் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

முடிவு வந்த காலை, டெப்போ வாசலில் கிளம்ப நின்ற பேருந்துக்குள் கண்டக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “எல்லாரும் கேட்டுக்கங்க! நம்ம டிரைவர் பாஸாயிட்டாங்க. நேரா யூனிவர்சிட்டி, மூணாவது வருஷம்!”

கைதட்டல் அடங்குமுன், முன்சீட்டுப் பெரியவர் பதறினார். “அய்யய்யோ, அப்போ இனிமே இந்த வண்டிய யாரு ஓட்டுறது?”

“நான்தான் தாத்தா. பகல்ல வண்டி, சாயங்காலம் வகுப்பு” என்று சிரித்தபடி அவள் கியரைப் போட்டாள். “கம்பியப் பிடிச்சுக்கங்க.”