நாலு நாள் பத்தியம்

நானும் அண்ணாவும் ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்குப் படித்துத் தேறியவர்கள். தேதிக்கு நாலு நாள் முன்பே இனிப்புக்கும் சோற்றுக்கும் விடுமுறை. மும்பையில் அவன் மாட்டுங்காவிலும் நான் செம்பூரிலும் வேகநடை. ரத்தம் கொடுத்த கையோடு, ஒட்டிய பஞ்சுடனேயே, ஆளுக்கு இரண்டு தட்டு ஷீரா, நம்ம ரவா கேசரிதான். ரிப்போர்ட் எப்போதும் நார்மல். கடைசி வாரம் படித்தே வங்கி வேலை வாங்கிய குடும்பம். வேறு விதமாக எதையும் அணுகத் தெரியாது. அந்த நார்மலை மனைவியிடம் பதக்கம் போல நீட்டுவேன். அவளும் நம்பி ஃபைலில் போட்டு வைப்பாள்.

அண்ணாவுக்கு இப்போது மறதி நோய். ஐம்பது வருஷமாக என்னை 'டேய்' என்றவன், போன வாரம், "சார் எந்த பிராஞ்ச்?" என்றான். இத்தனை மரியாதையாக அவன் என்னிடம் பேசியதே இல்லை.

அவன் வீட்டிலிருந்து திரும்பும்போது குர்லா ஸ்டேஷனில் ஹார்பர் லைன் ரயிலுக்கு மாறவேண்டும். முப்பது வருஷமாக மாறுகிற இடம்தான். எந்தப் பக்கம் போவது என்று இரண்டு நிமிஷம் தெரியவில்லை. அடுத்து மனைவியை 'மேடம்' என்பேனோ? வீட்டில் மறைக்கப் பார்த்தேன், முகம் காட்டிக்கொடுத்தது. மறுநாளே டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர், செம்பூரிலேயே வளர்ந்த பெண். ஃபைலைப் புரட்டினாள்.

"தேக்கோ அங்கிள், நல்லாப் பாருங்க, இது அன்னிக்குக் காலைல இருந்த சுகர், அவ்ளோதான். இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்காமப் போனா, இன்னும் அதிகமா சுரந்து வருஷக்கணக்கா சமாளிக்கும். இந்த டெஸ்ட்ல அது தெரியாது. மூளையும் இன்சுலின் சொல்றதைக் கேக்காமப் போகலாம். அதுக்கும் மறதிக்கும் சம்பந்தம் இருக்குங்கறாங்க. அதுதான் காரணம்னு யாரும் இன்னும் அடிச்சுச் சொல்லல. மூணு மாச சுகர் சராசரியும் ரத்தத்துல இன்சுலின் அளவும் பாத்துடலாம்."

பதினோரு வருஷமாக நான் ஏய்த்தது அந்த ரிப்போர்ட்டை மட்டும்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"ரத்தம் அடுத்த வாரம் குடுக்கட்டுமா?" வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

மனைவி திரும்பினாள். "ஏன், நாளைக்கு என்ன?"

சொன்னேன். நாலு நாள், நடை, ஷீரா, எல்லாவற்றையும்.

"நார்மல்னு நம்பித்தானே தினம் காப்பில ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டேன்," என்றாள். "என் கையாலயே."

இரவுச் சாப்பாட்டுக்கு வழக்கம்போலச் சோற்றைக் குவித்து வைத்தாள். நான் பாதியை ஒதுக்கினேன்.

"சாப்பிடுங்க. நாளைக்கு டெஸ்ட்ல உள்ளது உள்ளபடி தெரியட்டும்."

ஒதுக்கியதை மறுபடி இழுத்துக்கொண்டேன். தட்டு காலியாகும்வரை அவள் எதிரிலிருந்து எழுந்திருக்கவில்லை.