தாமல் நர்ஸம்மா எழுதிய மனு

மங்கையர்க்கரசி கிராம சுகாதாரச் செவிலியராகத் தாமல் பக்கம் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அவ்வளவு நீளமான பெயரை யார் கூப்பிடுவது? ஊருக்கு அவர் நர்ஸம்மா. சொட்டு மருந்துப் பெட்டியோடு அவர் நுழையாத வீடு கிடையாது. ஏரிக்கு அப்பால் இருந்த அரிசி ஆலைக்குள்ளும் அப்படித்தான் போனார்.

அங்கே பதினொரு இருளர் குடும்பங்கள் நெல் அவித்து, களத்தில் காயவைத்துக்கொண்டிருந்தன. முன்பணம் வாங்கிக்கொண்டு திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவரையும் சந்தையிலோ பஸ்ஸிலோ தான் பார்த்ததே இல்லை என்பது மூன்றாம் முறை போனபோதுதான் அவருக்கு உறைத்தது.

அடுத்த முறை போனபோது கங்கையம்மாள் என்கிற பெண் களத்தோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தார். தாய் இறந்த செய்தி முந்தின நாள் வந்திருந்தது. ஊருக்குப் போகவில்லையா என்று மங்கையர்க்கரசி கேட்டார். பக்கத்திலிருந்தவர் சொன்னார்: போகலாம், ஆனால் பெரிய மகளை ஆலையில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. அந்த இடத்தில் அவளைத் தனியாக விட மனம் வரவில்லை. மூட்டை மூட்டையாக நெல் அவித்தவர், பெற்றவளுக்கு வாய்க்கரிசி போடப் போகவில்லை.

மங்கையர்க்கரசியின் கணவர் வரதராஜன் கட்சியின் கிளைச் செயலாளர். ஆலை முதலாளி அவருக்குச் சித்தப்பா மகன். வார்டு தேர்தலில் நிற்கப்போகிற வரதராஜனுக்குச் செலவு செய்யப்போகிறவரும் அவரே. மனு கொடுக்கப்போவதாக மங்கையர்க்கரசி அன்று ராத்திரி கணவரிடம் சொன்னார்.

"அட்வான்ஸ் வாங்கிக்கினு வந்தவங்க அவங்க. ரெண்டு மாசத்துல எலெக்‌ஷன் இருக்குது. இப்ப இது தேவையாம்மா?" என்றார் வரதராஜன்.

"செத்தது அவ அம்மாங்க. எலெக்‌ஷன் முடிஞ்சி போனா யாரப் பார்ப்பா?"

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மங்கையர்க்கரசி காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினார். கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து மனுவைத் தன் கையாலேயே எழுதினார். பெயர் போடாமல் கொடுத்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று அங்கிருந்த எழுத்தர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். மங்கையர்க்கரசி தன் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் கோட்டாட்சியரும் அதிகாரிகளும் ஆலைக்கு வந்தார்கள். மங்கையர்க்கரசியையும் வரச்சொல்லியிருந்தார்கள். மேஸ்திரி பக்கத்திலேயே நிற்க, விசாரிக்கப்பட்ட எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: நல்லா இருக்கோம், ஒரு குறையும் இல்லை. கங்கையம்மாளும் அதையே சொன்னார். மனு பொய் என்றாகிவிட்டால் மங்கையர்க்கரசிக்கு வேலை போனாலும் போகும்.

எழுந்துகொள்ளும்போது கோட்டாட்சியர் சாதாரணமாக ஒன்று கேட்டார். நாளைக்கே ஊருக்குப் போக வேண்டுமென்றால் போவாயா?

கங்கையம்மாள் தன் மூன்று பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார உட்டுட்டுப் போறது, சார்?"

கோட்டாட்சியர் மறுபடியும் உட்கார்ந்தார். மேஸ்திரியை வெளியே அனுப்பச் சொன்னார். சாயங்காலத்துக்குள் பதினொரு குடும்பங்களும் வேனில் ஏறிவிட்டன. முன்பணக் கடன் செல்லாது என்று எழுதி, கொத்தடிமை விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

ஆலையைப் பூட்டியதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. தேர்தலில் கட்சிப் பேச்சே இல்லை. ஆலைப் பக்கமா, நர்ஸம்மா பக்கமா என்பதுதான் பேச்சு. நாலைந்து வீடுகளில் குழந்தைக்கு ஊசி போட அவரை உள்ளே விடவில்லை. வரதராஜன் தோற்றுப்போனார். திட்டியவர்களை மங்கையர்க்கரசி பொருட்படுத்தவில்லை. ஆனால் ஆலையில் மூட்டை தூக்கிப் பிழைத்த உள்ளூர்க்காரர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தத் தை மாதம் ஓர் உறவுக்காரக் கல்யாணத்தில், குடும்பத்தைக் கெடுத்தவளுக்கு இங்கே இலை போடாதே என்று ஆலை முதலாளி பரிமாறுகிறவரிடம் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்த வரதராஜன் பாதி இலையில் எழுந்தார்.

"இவ செஞ்சது சரியா தப்பானு எனக்கே இன்னும் தெரியலபா. ஆனா இவளுக்கு இல்லாத எலை எனக்கு வேணாம்."

அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான்.

கங்கையம்மாள் இப்போது திருத்தணி அருகே சவுக்கு வெட்டப் போகிறார், தினக்கூலிக்கு. சில வாரம் வேலையே இருக்காது. பெரிய மகள் பத்தாவதில் ஒரு முறை தவறி, மறுபடி எழுதித் தேறினாள்.

போன வருடம் ஆலை வேறொருவர் கைக்கு மாறித் திறந்தது. ஒடிசாவிலிருந்து குடும்பங்கள் வந்திருக்கின்றன. மங்கையர்க்கரசி மருந்துப் பெட்டியோடு உள்ளே போகிறார். அவர்கள் சிரிக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அவர்கள் பேசுவது ஒன்றும் அவருக்குப் புரிவதில்லை. ஒடியா தெரிந்த ஒருவரைக் காஞ்சிபுரம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார்.