வயிற்றுக்குப் போன மூச்சு மருந்து

அந்த மேஸ்திரி முப்பது வருஷம் தரைக்கல் அறுத்துப் பாலிஷ் போட்டவர். முகமூடி கொடுத்தால், "மாடா நான், வாய்ப்பூட்டு போட்டுக்க?" என்பாராம். கல்தூள் மாட்டையும் மேஸ்திரியையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஐம்பத்தாறு வயதில் நுரையீரல் இறுகிவிட்டது. இரண்டாம் மாடி வீட்டுக்கு ஏற மூன்று இடத்தில் உட்காருவார். உட்கார்ந்ததும் செருப்பில் ஏதோ கோளாறு போலக் குனிந்து பார்ப்பார். பார்க்கிறவர்கள் எல்லாம் முட்டாள்கள் என்று நினைப்பு.

நோய் மருந்துக்கு மசியவில்லை என்றால் அடுத்த முறை வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூக்கில் குழாயோடு கிடப்பதை நினைத்தே மனிதருக்குப் பாதி உயிர் போயிருந்தது. அப்போதுதான் மகள் என்னைப் பகல்நேர நர்ஸாக அமர்த்தினாள்.

வேளை தவறாமல் மருந்து எடுப்பதாக மனைவி சத்தியம் செய்தாள். கண்ணால் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. எடுத்துக் காட்டச் சொன்னேன். அட்டையிலிருந்து கேப்ஸ்யூலைப் பிரித்தார், அப்படியே வாயில் போட்டார், மனைவி நீட்டிய தண்ணீரில் ஒரு மடக்கு. முடிந்தது.

அது விழுங்குகிற மாத்திரையே இல்லை. கூடவே தரும் கருவியில் போட்டுத் துளைத்து, உள்ளிருக்கும் பொடியை மூச்சோடு இழுக்க வேண்டும். கருவி அலமாரியில் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. ஏழு மாதமாக நோய் மார்பில், மருந்து வயிற்றில்.

"அதுல இழுத்தா பழக்கமாயிடும், அப்புறம் விட முடியாதுன்னு சொன்னாங்க, நர்ஸம்மா," என்றார் மேஸ்திரி.

"மூச்சு விடுறதும் பழக்கம்தான். அதையும் விட்டுடலாமா?"

சொன்னது யார் என்று விசாரித்தேன். டீக்கடைக் கூட்டாளியாம். பீடி பழகிவிடும் என்று அந்த மகான் ஒருநாளும் எச்சரித்ததில்லை.

இழுக்கக் கற்றுக்கொடுத்தேன். முதல் நாள் கருவிக்குள் ஊதி, பொடி முழுவதையும் என் புடவையில் அடித்தார். மூன்றாம் நாள் கைவந்தது. ஐந்தாம் வாரம் படியில் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்தார். உடனே மிடுக்கும் ஏறிவிட்டது. விழுங்கிய கதையை டாக்டரிடம் சொல்லக் கூடாது, மானம் போய்விடும் என்று எனக்கே கட்டளை போட்டார்.

"சொல்லலேன்னா, ஏழு மாசமா மருந்து கேக்கலைன்னுதான் அவர் எழுதுவார். மெஷின் வந்து நிக்கும். எது வேணும், மானமா, மூக்குல குழாயா?"

டாக்டர் அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. எழுதிக் கொடுத்தோமே தவிர எப்படி எடுப்பது என்று காட்டவில்லை என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தார். மெஷின் இப்போதைக்கு வேண்டாம், ஆனால் படிந்த தூள் படிந்ததுதான், போன நுரையீரல் திரும்பாது என்றார்.

வெளியே வந்ததும் மேஸ்திரி மனைவியிடம் தலை நிமிர்ந்து சொன்னார்: "டாக்டருக்கே நான் சொல்லித்தான் தெரிஞ்சுது."