ஆறுதலா எடுத்த படம்

முத்துலிங்கத்துக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. சின்னக்கல்மலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்து உருட்டும் ரோதை யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற காலத்திலும், ரோதை ஓடுகிறதோ இல்லையோ, இவன் ஓடிக்கொண்டிருப்பான். பேச்சுக்கு நடுவில் எழுந்து போய்விடுவான். சோற்றுக்கு நடுவில் எழுந்து வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருவான். அப்பேர்ப்பட்டவன் இருபத்தாறாவது வயதில் அந்த வேலையை உதறிவிட்டு, அட்டன் டவுனில் படம் பிடிக்கும் தொழிலைக் கற்றுக்கொள்ளப் போய்ச் சேர்ந்தான். அசையக் கூடாது என்பதையே முதல் பாடமாக வைத்திருக்கும் ஒரு தொழிலைத் தேடிப்பிடித்து அதில் போய் விழுந்தானே, அதை என்னவென்று சொல்வது!

ஸ்டூடியோ முதலாளி பேரின்பநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர், முத்துலிங்கத்தைவிட இரண்டு வயது இளையவர். கெட்டிக்காரர், முன்கோபமும் கிடையாது. ஆனால் அவருடைய தமிழ் இவனைப் பாடாய்ப் படுத்தியது. அவர் "கெதியா, கெதியா" என்று விரட்டினால், யாருக்கு என்ன கதி வந்துவிட்டதோ என்று இவன் வாசலுக்கு ஓடுவான். வேகமாக என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார் என்று விளங்கவே பல நாள் பிடித்தது. அதாவது பரவாயில்லை. இன்னொரு சொல் பெரிய வம்பில் கொண்டுபோய் விட்டது.

ஒரு மழைநாளில் பக்கத்துத் தோட்டத்துக் கண்டாக்கு கணேசமூர்த்தி படம் எடுத்துக்கொள்ள வந்தார். மலையில் ஆட்களை வேலை வாங்குகிற உத்தியோகம். கோட்டு, டை, தலை வழிய எண்ணெய். பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம். வெளியே ஒரே பனிமூட்டம். கூரைக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் செத்துப்போயிருந்தது. இருட்டறைக்குள் கைவேலையாக இருந்த பேரின்பநாயகம் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"வெளிச்சம் காணாது. ஆறுதலா எடும் காணும்!"

முத்துலிங்கம் திகைத்துப்போனான். ஆறுதலா? கண்டாக்கைப் பார்த்தான். அவர் நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஈயாடவில்லை. ஐயோ பாவம், வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று தானே முடிவுகட்டிக்கொண்டு, கிட்டப் போய்க் குந்தினான்.

"மனசத் தேத்திக்குங்கய்யா. நம்ம கையில என்னா இருக்கு? போனவங்க போயிட்டாங்க, இருக்கிறவங்களப் பாக்கணுமில்ல."

கண்டாக்கு துள்ளி எழுந்தார். "யாருய்யா போனது? நான் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வந்திருக்கேன்!"

ஈரக் கையோடு பேரின்பநாயகம் ஓடி வந்தார். "என்ன காணும் செய்யுறீர்?"

"நீங்கதானே மொதலாளி, ஆறுதலா எடுக்கச் சொன்னீங்க."

அவருக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ கடவுளே! ஆறுதலா எண்டா மெதுவா. அவசரப்படாமல். ஷட்டரை மெதுவா விடும் எண்டெல்லோ சொன்னனான். உங்கட பக்கம் அப்பிடிச் சொல்லுறேல்லையோ?"

"எங்க பக்கம் ஆறுதல்னா துக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்றதுங்க."

கண்டாக்கும் சிரித்துவிட்டார். சிரித்து ஓய்ந்து மறுபடி உட்கார்ந்தபோது அவருடைய தோள் தளர்ந்திருந்தது, கண்ணில் உயிர் வந்திருந்தது. படம் அருமையாக விழுந்தது. பெண் வீட்டில் உடனே சம்மதம் சொன்னார்கள் என்று கேள்வி. அன்றிலிருந்து பேரின்பநாயகம் பாடத்தை மாற்றிக்கொண்டார். "மெதுவாவும் எடும், உங்கட ஆறுதலையும் சொல்லும். ரெண்டும் வேணும்" என்பார்.

ஷட்டர் வளையத்தில் இருந்த எண்கள் முத்துலிங்கத்துக்கு முதலில் தலைகீழாகத்தான் பட்டன. நூறு என்றால் கண்சிமிட்டுவதற்குள் மூடிக்கொள்ளும். இரண்டு என்றால் அரை விநாடி திறந்தே கிடக்கும். எண் ஏற ஏற நேரம் குறையும். வேகமாக மூடினால் ஆடுகிற ஆளும் ஆடாமல் விழுவான், ஆனால் வெளிச்சம் போதாது. மெதுவாக விட்டால் வெளிச்சம் வயிறு நிறையக் கிடைக்கும், ஆள் அசைந்தானோ முகம் கலைந்தது. அட்டனில் பாதி வருஷம் மழையும் பனியும்தானே, ஆகவே பெரும்பாலும் இரண்டுதான். வெளிச்சத்துக்கு இரண்டு பெரிய பல்புகள் இருந்தன, ஒன்று முகத்துக்கு, ஒன்று பின்சுவருக்கு. மறுபக்கக் கன்னத்து நிழலை எடுக்க, தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளி நிறத் தாளை ஒரு பலகையில் ஒட்டி நிறுத்துவார்கள். பலகையை ஒரு சாண் நகர்த்தினால் மனிதனுக்கு வயது குறைவதைப் பார்த்து முத்துலிங்கம் சொக்கிப்போனான். காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாக விழும் முகத்தைப் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவன் கால் ஆடாது.

இனி அவனுடைய அம்மா ராக்காயியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளுக்குத் தலை ஆடும். சின்ன மகன் முத்துலிங்கம் தொழிற்சாலையில் பேர் பதிந்த வருஷம் தொடங்கியது. இடமும் வலமுமாக, சின்னதாக, ஓயாமல். பார்க்கிறவர்களுக்கு அவள் எந்நேரமும் "வேணாம், வேணாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது போலிருக்கும். அதனால் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைக்காரன் அளந்த அரிசியைத் திரும்பச் சாக்கில் கொட்டிவிடுவான். புதிதாக வந்த ஒரு கங்காணி, "அடுத்த மலைக்குப் போறியா?" என்று கேட்டு, தலையைப் பார்த்துவிட்டு, எதிர்த்து நிற்கிறாள் என்று அன்றைய பேரை வெட்டிக் கூலியில்லாமல் ஆக்கிவிட்டான். கடைசியில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஆட்களே வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்தார்கள். "ராக்காயி தலையப் பாக்காத, வாயக் கேளு."

அறுபத்திரண்டாம் வருஷம் மூத்த மகன் வீரய்யா இந்தியாவுக்குப் போவதென்று முடிவுகட்டினான். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மறுக்கப்பட்டவன் அவன். முத்துலிங்கத்தின் மனு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, அவன் நகர்வதாகவும் இல்லை. தனக்கும் பெண்சாதி அழகம்மாவுக்கும் ஆத்தாவுக்கும் சேர்த்து வீரய்யா இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டான்.

"ஆத்தா, போவோமா?" என்று அவன் ஒரு காலையில் அவசரமாகக் கேட்டான். அவள் தலை எப்போதும்போல ஆடியது. வாயிலிருந்து பதில் வருமுன்னே "சரி" என்று போய்விட்டான்.

மூவருக்கும் படம் எடுத்தது முத்துலிங்கம்தான். அண்ணன் படமும் அண்ணி படமும் தேறின. ஆத்தாவின் படம் பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து திரும்பி வந்தது. இரண்டில் வைத்து எடுத்த படம் அது. கழுத்துக்குக் கீழே எல்லாம் தெளிவு, முகம் மட்டும் ஈரக் கையால் துடைத்தது போல இடமும் வலமும் இழுபட்டிருந்தது. அடுத்த தடவை ஷட்டரை ஐம்பதில் வைத்தான். தலை நின்றது, ஆனால் முகம் அடுப்புக்கரி. விளக்கைக் கிட்டக் கொண்டுபோனால் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதுவும் திரும்பி வந்தது.

இரண்டாவது படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீரய்யா ஸ்டூடியோவுக்கே வந்துவிட்டான்.

"டேய், வேணும்னே பண்றியா?"

"ஏண்ணே இப்பிடிக் கேக்குற?"

"கண்டாக்கு மூஞ்சியெல்லாம் கண்ணாடியாட்டம் எடுக்குற. பெத்தவ மூஞ்சி மட்டும் ஒனக்கு வர மாட்டேங்குதா? தோட்டத்துல பேர வெட்டிக்கிட்டு கணக்கு முடிச்சாச்சு. குடியிருக்கிற காம்பராவ விடச் சொல்றாங்க. நாங்க போயிட்டா ஆத்தா எங்க இருக்கும்?"

"எங்கிட்ட இருக்கட்டும்."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. வீரய்யா தம்பியை ஏற இறங்கப் பார்த்தான்.

"அப்ப அதுதான் சங்கதி. நீயே கடைப் பலகையில படுக்குறவன். ஆத்தாவ எங்க படுக்க வைப்ப?"

அண்ணன் போன பிறகு முத்துலிங்கம் கடையில் இருப்புக்கொள்ளாமல் தெருவில் இறங்கி ஸ்டேஷன்வரை நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். வேணும்னே செய்தானா? அவனுக்கே தெரியவில்லை. தலை ஆடும் என்று தெரிந்துதானே இரண்டில் வைத்தான்? இருட்டடிக்கும் என்று தெரிந்துதானே ஐம்பதில் வைத்தான்? நல்ல படம் எடுத்தால் ஆத்தா போய்விடுவாள். கெட்ட படம் எடுத்தால் ஆத்தா இருப்பாள், அவளை விட்டுப் போக முடியாமல் அண்ணன் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். தொழிலில் தேறத் தேறத் தாயை அனுப்பிவைக்கிற நாள் நெருங்குகிறது. அப்படிப்பட்ட படிப்பை யார் படிப்பார்கள்?

"நான் எடுத்துவிடட்டோ?" என்று பேரின்பநாயகம் மெல்லக் கேட்டார்.

"வேணாம் மொதலாளி. நானே எடுக்குறேன்."

"அப்ப ஆறுதலா எடும்."

எந்த ஆறுதலைச் சொல்கிறார் என்று இவன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரய்யா ஆத்தாவைக் கூட்டி வந்தான். அவன் வாசலிலேயே நின்றுகொண்டான். ராக்காயி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டதும் தலை இன்னும் கூடுதலாக ஆடியது.

"இந்த வெளக்கு ஆயுசக் கொறைக்கும்னு பக்கத்துக் காம்பரா மீனம்மா சொல்லுறா, நெசமா சாமி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆத்தா. நீ என்னையப் பாரு."

வெள்ளித்தாள் பலகையை நகர்த்தி இரண்டு கன்னத்துக்கும் வெளிச்சத்தைச் சமமாக்கினான். ஷட்டரை இரண்டில் வைத்தான். கறுப்புத் துணிக்குள் போய் முகத்தைக் கூர்மையாக்கிவிட்டு வெளியே வந்து, ஷட்டரைத் திறக்கிற ரப்பர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு காமிராவுக்குப் பக்கத்திலேயே குந்தினான். வருகிறவர்களிடம் எப்போதும் பேசுவதுபோல் பேசினான். மழையைப் பற்றிப் பேசினான், லயத்துப் பசு கன்று போட்டதைப் பற்றிக் கேட்டான். அவளும் பதில் சொன்னாள். தலை நிற்கவில்லை. இவனுடைய காலும் நிற்கவில்லை, பலகைத் தரை தடதடத்தது. பேச்சு தீர்ந்துபோயிற்று. அப்போது, நினைத்தும் பார்க்காமல், கேட்டுவிட்டான்.

"ஆத்தா, ஒனக்குப் போக இஷ்டமா?"

தலை நின்றது.

அத்தனை வருஷமாக நிற்காத தலை அப்படியே நின்றது. ராக்காயி மகனை நேராகப் பார்த்தாள். அந்தக் கேள்வியை ஒருவரும் அவளிடம் நிதானமாகக் கேட்டதில்லை. தலையைப் பார்க்காதே, வாயைக் கேள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன லயத்தில், இந்த ஒரு காரியத்துக்கு யாரும் வாயைக் கேட்கவில்லை. அவள் உதடு பிரிந்தது.

முத்துலிங்கத்தின் கை பந்தை அமுக்கியது. அமுக்கவேண்டும் என்று அவன் நினைக்கக்கூட இல்லை. முகம் நிலைத்தால் அமுக்கு என்று பழகிப்போன கை. ஷட்டர் திறந்து, அரை விநாடி கிடந்து, டக்கென்று மூடியது.

அந்தச் சத்தத்தோடு ராக்காயியின் உதடுகளும் மூடிக்கொண்டன. பிறகு சிரித்தாள்.

"படத்துக்குத்தான் கேட்டியா சாமி? நான் நெசமாத்தான் கேக்குறியோன்னு நெனச்சுட்டேன்."

இல்லை ஆத்தா, நெசமாகத்தான் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"ஆமா ஆத்தா" என்றான். "படத்துக்குத்தான்."

அவள் தலை மறுபடி ஆடத் தொடங்கியது.

இருட்டறையில் பிளேட்டைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது பேரின்பநாயகம் இவன் முதுகில் தட்டினார். "அச்சா! இப்ப கதைக்கப் போறா மாதிரியே கிடக்கு. படத்தில உயிர் இருக்கு காணும்." முத்துலிங்கத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. அந்தப் படம் தேறியது, பாஸ்போர்ட்டும் வந்தது. அட்டன் ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் ஆத்தாவின் தலை இடமும் வலமும் ஆடிக்கொண்டே போயிற்று. பிளாட்பாரம் முடிகிறவரை அவன் கூடவே ஓடினான்.

இந்தியாவிலிருந்து வீரய்யா எழுதுவான். ஆத்தா சுகம் என்று இருக்கும். ஆத்தா என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இருக்காது.

பிறகு இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்தபோது, பாஸ்போர்ட்டுப் படத்துக்குத் தோட்டம் தோட்டமாகச் சனம் வந்தது. பேரின்பநாயகம் கடையை அவனிடமே விட்டிருந்தார். வயதானவர்கள் யார் வந்து உட்கார்ந்தாலும் முத்துலிங்கம் அதே கேள்வியைக் கேட்பான். ஆனால் ரப்பர் பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பான். அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை அதைத் தொடமாட்டான். கூட வந்த பிள்ளைகள் நேரமாகிறது என்று முணுமுணுத்தாலும் சரிதான்.

ஒரு நாள் மூக்கன் என்ற ஒரு பெரியவர் சுவரைக் கவனித்தார். சட்டம் போட்டு மாட்டியிருந்தது முதன்முதலில் திரும்பி வந்த அந்தப் படம், முகம் இடமும் வலமும் இழுபட்ட படம்.

"ஏந் தம்பி, இது ஆடிப்போன படமாச்சே. இதப் போயி மாட்டியிருக்கீங்களே?"

"எங்க ஆத்தாங்க."

"நல்ல படம் ஒண்ணு எடுத்திருக்கப்படாதா?"

"எடுத்தேங்க" என்றான் முத்துலிங்கம். "அதுல ஆத்தா ஏதோ சொல்ல வந்துச்சு. சொல்றதுக்குள்ள அமுக்கிட்டேன்."