கந்தக வளையம்

புயலில் கயிறு அறுந்த நண்டுக்கூடு கடலடியில் சும்மா கிடப்பதில்லை. உள்ளே அகப்பட்ட நண்டு வெளியே வர வழியில்லாமல் சாகும்; அதைத் தின்னப் போகிற அடுத்த நண்டும் மாட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் இதை என் மனைவியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். வங்காலைக் கடலில் கூடு போடுகிற எங்களுக்கு அது பழகிப்போன விசயம். அவளோ அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

அவளுக்கு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. கிழமை முடிவில்தான் வீட்டுக்கு வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய பையைத் திறந்ததும் அழுகின முட்டை மணம் வீடெல்லாம் பரவியது.

“என்னப்பா இது?”

“கந்தகம். எண்ணெய் சுத்திகரிக்கிற இடங்களில கழிவாக் குவிஞ்சு கிடக்குது. ஆமணக்கெண்ணெயோட சூடாக்கினா இப்பிடி வரும்.”

றப்பர் போன்ற மண்ணிற வளையங்களை என் கையில் வைத்தாள்.

“கூட்டுக் கதவை இதால கட்டுங்கோ. கூடு துலைஞ்சா, கடல்தண்ணியில இது மெல்ல உக்கி அறுந்திடும். கதவு திறக்கும், நண்டு போயிடும். கையில இருக்கிற கூட்டுக்கு இடைக்கிடை புது வளையம் மாத்தினாச் சரி.”

அவள் லீவில் நின்ற ஒரு கிழமை, எல்லாக் கூட்டுக்கும் கட்டி இறக்கினேன். மறுநாள் காற்று எழும்பிவிட்டது. இரண்டு மூன்று நாள் படகு இறக்க முடியவில்லை. பிறகு போய்த் தூக்கினால், ஒவ்வொரு கூடும் வாயைத் திறந்துகொண்டு வருகிறது. ஒரு நண்டுகூட இல்லை. வெறும் கூடையோடு எரிச்சலில் வீட்டுக்கு வந்தேன்.

“திறந்திட்டுதோ? எல்லாமே திறந்திட்டுதோ?” என்று கேட்டபடி முற்றத்துக்கு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“ஓம், எல்லாந்தான். கறிக்கு என்ன செய்யப் போறாய்?”

“ஐயோ, ரெண்டு மூண்டு நாளிலயே கெதியா உக்கிப்போச்சு. ஆனா உக்குதெல்லே!”

அந்தச் சந்தோசத்துக்கு முன்னால் எப்படிக் கோபிப்பது? அன்றைக்குப் பருப்பும் சொதியும்தான். சாப்பிடும்போதும் அறுந்த துண்டொன்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு கலவையை எத்தனையோ தரம் மாற்றினாள். இப்போதைய வளையம் நன்றாகத் தாங்குகிறது. போன மாரியில் தொலைந்த கூடொன்று கீரிக் கிராமத்துப் பக்கம் ஒருவரின் வலையில் சிக்கியது. கதவு திறந்து, உள்ளே வெறும் பாசி. அதைக் கேட்டு அவள் தொலைபேசியில் அழுதேவிட்டாள். ஆனாலும் சில வளையங்கள் இன்னும் முந்திக்கொண்டு அறுந்துவிடும். அதனால் பின்னேரம் அவள் தொலைபேசி எடுக்கும்போது நான் காற்றையும் கடலையும் பற்றித் தொடங்கினால், இடைமறிப்பாள்: “அதை விடுங்கோ, முதல்ல வளையத்தைச் சொல்லுங்கோ.”