சந்தனம் பூசிய திறப்பு

யாழ்ப்பாணத்தில் சாவி என்று யாரும் சொல்வதில்லை. திறப்பு என்றுதான் சொல்வோம். அந்த ஒரு சொல்லால் ஒரு பள்ளிக்கூட ரீச்சரின் கலியாணம் குழம்பப் பார்த்தது. அந்தக் குழப்பத்தில் எனக்கும் பங்குண்டு.

எண்பதுகளின் நடுப்பகுதி. கொக்குவிலில் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் தன் வீட்டு முன்னறையில் கலியாணப் பொருத்தம் பார்க்கும் நிலையம் நடத்தினார். நான் கொழும்புத்துறையிலிருந்து தினமும் சைக்கிளில் அங்கே வேலைக்குப் போவேன். முறைப்படி படித்தது ரைப்பிங் மட்டும்தான். கணினியை, அதனோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, பிழைவிட்டுப் பிழைவிட்டு நானாகத்தான் பழகினேன். சாதகமும் கிரகமும் எனக்கு விளங்காது. எங்கள் வீட்டில் மாதா படமும் செபமாலையும்தான். "விளங்காமல் இருக்கிறதுதான் பிள்ளை நல்லது. விளங்கினால் கதைக்கச் சொல்லும்" என்பார் போஸ்ட்மாஸ்டர் ஐயா.

ஐயாவுக்கு இரகசியம் காப்பதில் ஒரு பெருமை. "முப்பது வருசம் தபால் கந்தோரிலை இருந்தனான். போஸ்ட்காட்டைக்கூடக் குப்புறப் பிடிச்சுத்தான் ஆக்களிட்டைக் குடுத்தனான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். அவர்கள் நிரப்பித் தரும் படிவத்தை நான் ஆங்கில எழுத்தில் கணினியில் ஏற்றி முடித்ததும், அவர்கள் கண் முன்னாலேயே அதைக் கிழித்துப் போடுவார். வயது, வேலை, முந்தி முறிந்த பேச்சுகள் எல்லாம் கணினிக்குள்ளே மட்டும்தான் இருக்கும். அவர் ஒருநாளும் திரையை எட்டிப் பார்த்ததில்லை.

லண்டனில் மின்னணு வேலை செய்த அவருடைய தம்பி, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு சின்னப் பொதி கொடுத்தனுப்பினார். உள்ளே பச்சை நிறத் தகடொன்று. கணினியின் மூடியைக் கழற்றி உள்ளே செருகவேண்டும். கூடவே ஒரு காயிதமும், ஒன்று துலைந்தால் மற்றது உதவ ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளும் இருந்தன. பார்வைக்கு அசல் வீட்டுத் திறப்புத்தான். ஆனால் பல்லுக்குப் பதிலாக ஓரத்தில் மெல்லிய உலோகக் கீற்றுகள். அதில் ஒன்றைத் தகட்டின் வாயில் செருகித் திருப்பினால்தான் எழுதியதை வாசிக்கலாம். காயிதத்தில் எழுதியிருந்த முறைப்படி தகட்டை நானே பூட்டினேன். காயிதத்தின் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது: இரண்டு திறப்பையும் ஒருநாளும் ஒரே இடத்தில் வைக்காதேயுங்கோ.

சாதாரணப் பூட்டை உடைத்தால் உள்ளே இருக்கிறது அப்படியே கிடைக்கும். இந்தத் தகடு அப்படியல்ல, உள்ளே இருக்கிறதையே குழப்பி வைத்துவிடும். எங்கள் அப்பா கடல்நீரேரியில் மீன்கூடு இறக்கும்போது, மாதா கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் ஒரே நேராகப் பிடித்து இடம் குறித்துக்கொள்வார். கூடு எல்லாரும் பார்க்கும் தண்ணீருக்குள்தான் கிடக்கும். குறி தெரியாதவனுக்கு அது வெறும் தண்ணீர். நான் விளங்கிக்கொண்டது அப்படித்தான்.

அயலில் ஒரு கலியாணத் தரகர் இருந்தார். நாங்கள் உள்ளே தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் அவர் முன்னறைக்குள் வந்து கணினியைத் தட்டிப் பார்த்திருக்கிறார். திரை நிறையக் கோடும் புள்ளியும் சிரித்த முகமும். என்னைக் கண்டதும் வெட்கப்படாமல், "என்ன பிள்ளை, உங்கடை மெசின் சீனப் பொம்பிளையளுக்கோ மாப்பிளை தேடுது?" என்றார்.

"ஓம் அண்ணை, அங்கை தரகர்மார் இல்லையாம்" என்றேன். அந்தச் சந்தோசத்தில் ஐயா அன்று இரண்டு தேத்தண்ணீர் குடித்தார்.

அந்த வருடம் ஆவணியில் ஒரு ரீச்சர் தனியே வந்தார். பெற்றோர் இல்லை. தமையன் வீட்டில் இருந்தார். குடை மடித்து, கதிரை நுனியில் உட்கார்ந்து, "என்ரை வயசைத் தமையன் மூண்டு வருசம் குறைச்சுச் சொல்லிக்கொண்டு திரியிறார். எனக்குப் பொய்யிலை தொடங்க விருப்பமில்லை. உள்ளதைப் பதியுங்கோ. கட்டப்போறவருக்கு மட்டும் சொல்லுங்கோ, வேறை ஒரு காதுக்கும் போகக்கூடாது" என்றார். ஐயா எழுந்து நின்றுதான் அந்தப் படிவத்தைக் கிழித்தார்.

புரட்டாதியில் பொருத்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளை உரும்பிராய்க்காரர், கொழும்பில் வேலை, நவராத்திரிக்கு லீவில் வந்திருந்தார். வயதைச் சொன்னபோது, "உண்மையைச் சொன்னவவெல்லோ, அது போதும்" என்றார். கோயிலில் வைத்து இருவரும் ஒருவரையொருவர் தூர நின்று பார்த்தார்கள். மாப்பிள்ளை ஐயாவிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "விசயதசமி மத்தியானம் வான் பிடிச்சுக் கொழும்புக்குத் திரும்பிப் போறன். அதுக்குள்ளை ஓமெண்டு வரவேணும். வராட்டி இல்லையெண்டு எடுத்துக்கொள்ளுவன். அம்மா வேறை இடம் பாத்து வைச்சுக்கொண்டு நிக்கிறா."

சரஸ்வதி பூசையன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் புறப்படுகிற நேரம். ஐயாவின் மனைவியை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமி கும்பத்துக்கு முன்னால் கொப்பி, பேனை, அடிமட்டம், ஐயாவின் பழைய முத்திரைக் கட்டை எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தா.

"பிள்ளை, வீட்டுத் திறப்பு, அலுமாரித் திறப்பு எல்லாம் வைச்சிட்டன். உந்தப் பெட்டியின்ரை திறப்பு எங்கை?"

"இந்தாங்கோ மாமி."

"ரெண்டெண்டு சொன்னியள். மற்றதுக்கு என்ன, அது சரஸ்வதிக்கு வேண்டாமோ?"

நான் மேசை லாச்சியைத் திறந்து மற்றதையும் கொடுத்தேன். இரண்டு கோடு போட்ட வரி என் நினைவுக்கே வரவில்லை. அதைக் 'காட்' என்றோ 'சிப்' என்றோ நாங்கள் அழைத்திருந்தால் மாமி கேட்டிருக்கவும் மாட்டா.

விசயதசமி காலை ஒன்பது மணிக்கு நான் போய்ச் சேர, ரீச்சர் எனக்கு முதலே வந்து நின்றார். முகத்தில் நித்திரை இல்லை, ஆனால் சிரிப்பு இருந்தது. "தமையனோடை நேற்றுத்தான் கதைச்சு முடிச்சனான். ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

ஐயா என்னைப் பார்த்தார். "விலாசத்தை எடும் பிள்ளை."

விலாசம் கணினிக்குள். திறப்புகள் பூசையில். மாமியின் வழக்கப்படி, மத்தியானப் பூசைக்குக் கோயில் மணி கேட்ட பிறகுதான் அடுக்கைக் கலைக்கலாம். மாப்பிள்ளையின் பேர் எனக்கு நினைவிருந்தது. ஆனால் உரும்பிராயில் அந்தப் பேரில் எத்தனை பேர்! வளவு வளவாக விசாரித்துத் திரிந்தால் ரீச்சரின் கதை பின்னேரத்துக்கு முன்பே சந்தைக்கு வந்துவிடும்.

"இஞ்சை பாரும்," என்று ஐயா மாமியிடம் தொடங்கினார், "ஒரு திறப்பை மட்டும்..."

"ஒண்டை மட்டும் உருவுறதோ? நான் முப்பது வருசம் இப்பிடிச் செய்யேல்லை."

"நானும் முப்பது வருசம் ஒரு காயிதம் துலைக்கேல்லை."

ரீச்சர் குடையைக் கையில் எடுத்தார். "பரவாயில்லை ஐயா. பூசையைக் குழப்பவேண்டாம். எனக்கு எழுதினது அவ்வளவுதான்."

மாமி அவரை மேலும் கீழும் பார்த்தா. பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினா. "பொறும் பிள்ளை. இண்டைக்குச் சின்னப் பிள்ளையளுக்கு ஏடு தொடக்கிற நாள்தானே? உம்மடை ஏட்டை முதல்லை தொடக்குவம். மணி பிறகு அடிக்கட்டும்." தானே கற்பூரம் கொளுத்தி, மூன்று தரம் சுற்றி, திறப்புகளை எடுத்து என் கையில் வைத்தா.

செருகித் திருப்பினேன். கோடு, புள்ளி, சிரித்த முகம். மற்றதைச் செருகினேன். அதே சீனம். அவசரத்தில் கவனிக்கவில்லை; வெளியே எடுத்துப் பார்த்தபோதுதான் மாமியின் பக்தி விளங்கியது. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அளவு சந்தனம், நடுவில் குங்குமம், கீற்றுகளின் இடுக்கெல்லாம் காய்ந்து இறுகியிருந்தது.

"ஐயோ, நான்தானே பூசினனான்! கொண்டா, கழுவித் தாறன்."

"தண்ணி காட்டாதேங்கோ மாமி!"

என் அண்ணை வள்ளத்தின் எஞ்சினில் உப்புப் பிடித்த முனைகளைத் துப்புரவாக்கும்போது பார்த்திருக்கிறேன். "சுரண்டினாச் செத்துப்போம், தடவு" என்பான். பழைய பல்தூரிகையால் சந்தனத்தைத் தட்டினேன். மஞ்சள் படலம் போகவில்லை. பென்சில் அழிறப்பர் வேண்டும். அதுவும் அடுக்கில்தான், தன் பங்குச் சந்தனப் பொட்டோடு இருந்தது. மாமி கேட்காமலே எடுத்து, பொட்டைத் தன் சேலையில் துடைத்துவிட்டுத் தந்தா. கீற்றுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ரீச்சர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். மணிக்கூடு பத்தரை.

செருகித் திருப்பினேன். எழுத்து வந்தது.

"ரீச்சர், நீங்கள் அங்காலை திரும்புங்கோ," என்றார் ஐயா. "அது மற்ற ஆளின்ரை விபரம்." ரீச்சர் சிரித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நான் விலாசத்தைத் துண்டில் எழுதி மடித்துக் கொடுத்தேன். ஐயா நெற்றிச் சந்தனத்தோடு சைக்கிளில் ஏறினார். ஏறும்போதும் துண்டைக் குப்புறத்தான் பிடித்திருந்தார்.

நாங்கள் மூவரும் அவலும் கடலையும் வைத்துக்கொண்டு இருந்தோம். யாரும் அதிகம் தின்னவில்லை. கோயில் மணி அடித்து, மாமி அடுக்கை முறைப்படி இன்னொரு தரம் கலைத்த பிறகுதான் ஐயா திரும்பினார். போட்டிருந்த சேட்டு வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"வீட்டுப் படலையிலை பையோடை நிண்டவர். ஓமெண்டு சொன்னன். பையைக் கொண்டுபோய்த் திரும்ப உள்ளை வைச்சிட்டார். வான் நாளைக்கும் போகுமாம்."

மாமி ரீச்சரின் வாயில் ஒரு பிடி அவலைப் போட்டா.

கலியாணம் முடிந்த பிறகு விபரங்களை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். தையில் ரீச்சர் தாலிக்கொடியோடு அதற்கென்றே வந்தார். திறப்பைத் தானே திருப்பிப் பார்க்க ஆசைப்பட்டார். கொடுத்தேன். மூக்கில் வைத்து, "இன்னும் சந்தனம் மணக்குது" என்றார். திருப்பினார். நான் அவருடைய பக்கத்தை அழித்தேன்.

"இப்ப என்ரை உண்மையான வயசு எங்கை கிடக்கு?"

"உங்கள் ரெண்டு பேரிட்டையும்தான் ரீச்சர்."

"அப்ப ரெண்டு திறப்பும் ஒரே வீட்டிலை" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.